நாடியைப் பிடித்தவர் நாவைச் சோதித்தாரா?

படுக்கையிலே ஓர் அம்மையார். பக்கத்திலே அவர் கணவர். கணவர் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த பாதிரியார். பிறரை அறிதுயிலில் ஆழ்த்தும் கலையையும் பழகியவர். அமெரிக்க நாட்டிலே, 1970-ஆம் ஆண்டு மே திங்களிலே நடைபெற்ற நிகழ்ச்சி இது. மனைவியின் முதுகுவலியைப் போக்குவதற்காக அவரை உறங்கவைத்த பாதிரியார், "வலிக்கிறதா?" என்று கேட்கிறார். "நைன்" என்று விடை வருகிறது. நைன் என்றால் ஜெர்மன் மொழியிலே 'இல்லை' என்று பொருள். ஜெர்மன் மொழியைக் கற்றவரல்லர் அந்த அம்மையார், பாதிரியாரும் அறியார். அடுத்தடுத்து நடந்த அமர்வுகளிலே அந்த உறக்கத்துக்குள்ளிருந்து 'கிரெட்சன்' என்றொரு பெண் பேசத் தொடங்கினாள். எபர்ஸ்வால்டே என்ற ஊரிலே வாழ்ந்தாளாம். தந்தை ஹெர்மன் காட்லீப் அவ்வூரின் நகரத்தலைவராம். பதினாறு வயதிலே மாண்டாளாம்.

செத்தவள் பேசுகிறாள், அதுவும் செத்த ஊரின் மொழியிலேயே பேசுகிறாள் என்றால், மறுபிறப்புக்குச் சான்று தேடி மாய்ந்துகொண்டிருப்போருக்கு வேறென்ன வேண்டும்! வெர்ஜினியாப் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் இயான் ஸ்டீவன்சன் வந்தார். ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். ஜெர்மன் மொழியிலே தாமே பேசிப் பார்த்தார். 1974-இலே 'செனோகிளாசி' என்ற நூலையும், பத்தாண்டு கழித்து 1984-இலே 'கல்லாத மொழி' என்று பொருள்படும் பெயருடைய நூலையும் வெளியிட்டார். ஒருவர் தம் வாழ்நாளிலே கற்காத மொழியைப் பேசுகிறார் என்று நிறுவிவிட்டால், அவர் வேறொரு வாழ்விலே அதைக் கற்றிருக்கவேண்டும் அல்லது வேறொருவர் அவருள்ளே புகுந்திருக்கவேண்டும் என்பது இந்நூல்களின் அடிப்படை. அந்த அடிப்படையைத்தான் இங்கே உரசிப் பார்க்க விழைகிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவோம். ஸ்டீவன்சன் ஏமாற்றுக்காரர் அல்லர். குறி சொல்லிக் கூலி வாங்கும் கூட்டத்திலே அவரைச் சேர்ப்பது அறிவுக்கும் அழகன்று, நேர்மைக்கும் அழகன்று. 2007-இலே மறையும் வரை நாடு நாடாகச் சென்று, கேட்டதைக் கேட்டபடி எழுதிவைத்தவர். தம் முடிவுக்கு ஊறு விளைவிக்கும் செய்திகளையும் மறைக்காமல் அச்சிட்டவர். எபர்ஸ்வால்டேயில் காட்லீப் என்ற நகரத்தலைவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை என்பதையும் அவர் நூலிலிருந்துதான் நாம் அறிகிறோம். ஆகவே நாம் வழக்காடப் போவது அவருடைய நாணயத்தைப் பற்றியல்ல. அவர் கையிலெடுத்த உரைகல்லைப் பற்றி.

அந்த உரைகல் எது? முதல் நூலின் நாயகி பிலடெல்பியா நகரத்து மருத்துவர் ஒருவரின் மனைவி. 1955, 56-ஆம் ஆண்டுகளிலே, அறிதுயிலில், 'யென்சன்' என்ற உழவனாக மாறி, ஸ்வீடன் மொழியிலே பேசியதாகச் சொல்லப்பட்டவர். இவரையும் இவர் கணவரையும் பொய்யறி கருவியோடு பிணைத்தார்கள். ஒரு சொல்லைச் சொன்னவுடன் உள்ளத்திலே எழும் மறுசொல் எது என்று கேட்கும் தேர்வும் நடத்தினார்கள். புதுமொழி கற்கும் திறன் எவ்வளவு என்றும் அளந்தார்கள். கிரெட்சனாகப் பேசிய அம்மையாரையும் 1974-இலே பொய்யறி கருவி விட்டுவைக்கவில்லை. தேறினார்கள் என்று நூல் அறிவிக்கிறது. மொழியை மறைத்துவைத்திருக்கவில்லை, பொய் சொல்லவில்லை, ஆகவே கற்கவில்லை. ஆகவே? அந்த 'ஆகவே'யிலேதான் பள்ளம் இருக்கிறது, பாருங்கள்!

பொய்யறி கருவி என்ன செய்கிறது? மூச்சின் ஏற்ற இறக்கத்தை, குருதியின் அழுத்தத்தை, உள்ளங்கை வியர்வையைப் பதிவுசெய்கிறது. நம் ஊரிலே நாடி பிடித்துப் பார்க்கும் வேலைதான், கொஞ்சம் கம்பியும் தாளும் சேர்த்து. அது பொய்யையே பிழையின்றிக் காட்டுமா என்பதே ஐயம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003-இலே வெளியிட்ட அறிக்கை அதன் நம்பகத்தன்மையை வன்மையாக ஐயுற்றது. ஒருவர் இசைவின்றி அதை அவர்மீது ஏவுதல் கூடாதென்று இந்திய உச்சநீதிமன்றமும் செல்வி வழக்கிலே 2010-இலே தீர்ப்பளித்தது. அதுகூட இருக்கட்டும். கருவி குற்றமற்றது என்றே ஒப்புக்கொள்வோம். அப்போதும் அது சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: இந்த அம்மையார் தமக்கு ஜெர்மன் தெரியாது என்று நம்புகிறார். அவ்வளவுதான். தெரியாது என்று நம்புவது வேறு, தெரியாதிருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை உளநூலார் நெடுங்காலமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்த அளவைகளைத் தம் துறையின் உள்ளே இருந்தவரே பயன்கொள்ளவில்லை என்பதுதான் நமது குறை.

கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1817-இலே அச்சான தம் நூலொன்றிலே ஒரு செய்தி சொல்கிறார். ஜெர்மன் நாட்டு நகரொன்றிலே எழுதப் படிக்கத் தெரியாத இளம்பெண். காய்ச்சல் கண்டது. காய்ச்சலின் உச்சத்திலே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் அவள் வாயிலிருந்து கொட்டலாயின. பேய் பிடித்தது என்றார்கள், வேறென்ன சொல்வார்கள்! இளம் மருத்துவர் ஒருவர் மட்டும் பேயைத் தேடாமல் பெண்ணின் பழைய வீடுகளைத் தேடிப் புறப்பட்டார். ஒன்பது வயதிலே அவளை ஒரு முதிய பாதிரியார் எடுத்து வளர்த்திருந்தார். அந்த முதியவருக்கு ஒரு வழக்கம்: சமையற்கட்டுக்குச் செல்லும் நடையிலே உலாவியபடி, தமக்கு விருப்பமான நூல்களை உரக்கப் படிப்பார். பானை கழுவிக்கொண்டிருந்த சிறுமிக்கு யாரும் எதையும் கற்பிக்கவில்லை. அவளும் எதையும் கற்கவில்லை. காது கேட்டுக்கொண்டிருந்தது.

அழகான கதை. ஆனால் மருத்துவரின் பெயர் இல்லை, ஊரின் பெயர் இல்லை. கவிஞர் பிறர் கூறக் கேட்டதுதான். நமக்கு உகந்த கதை என்பதற்காக நாமே சான்று கேட்காமல் விட்டுவிட்டால், புராணிகரை எந்த வாயால் கேள்வி கேட்பது? எனவே அதை அப்படியே வைத்துவிட்டு, அளந்து பார்த்தவரிடம் செல்வோம்.

ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்திலே பர்ட் என்ற உளநூற் பேராசிரியர் இருந்தார். தம் மகனுக்குப் பதினைந்து மாதம் நிரம்பியபோது, சோஃபோகிளீஸ் எழுதிய கிரேக்க நாடகத்திலிருந்து இருபது இருபது அடிகளாகப் பகுதிகளை எடுத்து, நாள்தோறும் அவனுக்குப் படித்துக் காட்டினார். மூன்று திங்களுக்கு ஒருமுறை பகுதிகளை மாற்றினார். மூன்று வயதானதும் நிறுத்திவிட்டார். மழலைக்குக் கிரேக்கம் எதற்கு என்று வீட்டார் கேட்டார்களோ என்னவோ! பையனுக்கு எட்டரை வயதானபோது, பழைய பகுதிகள் சிலவற்றையும், அவன் முன்பு கேட்டிராத புதிய பகுதிகளையும் கொடுத்து நெட்டுருப்போடச் சொன்னார். அவனுக்குக் கிரேக்கமும் தெரியாது. குழந்தைப் பருவத்திலே கேட்ட நினைவும் கிடையாது. ஆனால் புதிய பகுதிகளை மனப்பாடம் செய்ய ஏறத்தாழ 435 முறை ஓதவேண்டியிருந்தது. பழையவற்றுக்கு 317 முறை போதுமானதாக இருந்தது. பதினான்காம் வயதிலே இந்த ஆதாயம் நூற்றுக்கு எட்டாகச் சுருங்கிற்று. பதினெட்டிலே ஒன்றுமில்லை. இதை 1941-இலே எழுதி முடித்தார் பர்ட்.

எட்டரை வயதிலே அந்தச் சிறுவனைப் பொய்யறி கருவியோடு பிணைத்து, "கிரேக்கம் கேட்டதுண்டா?" என்று வினவியிருந்தால், "இல்லை" என்றிருப்பான். ஊசி அசைந்திராது. உண்மையே உரைத்திருப்பான், ஆனால் உண்மை அதுவன்று!

மறந்த மொழி உள்ளே எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்ற ஆராய்ச்சி பின்னாளிலே மூளையைப் படமெடுக்கும் கருவிகளோடு தொடர்ந்தது. கொரியாவிலே பிறந்து, மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்ட எட்டுப் பேரை, அவர்கள் வளர்ந்தபின், கொரிய வாக்கியங்களைக் கேட்கவைத்து ஆய்ந்தார்கள். 2003-இலே வெளிவந்த முடிவு: அவர்களுக்கும், கொரிய மொழியையே கேட்டறியாத பிரெஞ்சுக்காரர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. துடைத்தெடுத்தாற்போலிருந்தது. ஆனால் மான்ட்ரியால் நகரிலே நடந்து 2014-இலே வெளிவந்த ஆய்வு வேறு கூறியது. ஒரு வயதையொட்டிச் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகள். சீனத்திலே ஒரு சொல்லும் அறியார். ஆயினும் சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலிகளைக் கேட்டபோது, அவர்கள் மூளை சீனம் பேசுவோரின் மூளை போலவே இயங்கிற்று. முரண்பாடா? ஒன்று வாக்கியத்தைத் தேடிற்று, மற்றொன்று ஒலியைத் தேடிற்று. எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற வலையை வீசினால்தான் மீன் அகப்படும் என்பதை இவ்விரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்தால் அறியலாம். தாய்மடியோடு மொழியையும் இழந்த அந்தக் குழந்தைகளுக்கு இது வெறும் ஆய்வுப்பொருளன்று என்பதையும் நினைக்கவேண்டும்.

தெரிந்த மொழியைத் தெரியாதெனச் சாதிப்பவரைப் பிடிக்க வழியே இல்லையா? உண்டு. 1935-இலே ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் வெளியிட்ட சோதனை எளியது. நீல மையினால் 'சிவப்பு' என்று எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல் என்பது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் தடுமாறுவார். நாக்கு 'சிவப்பு' என்று முந்திக்கொள்ளப் பார்க்கும், ஒரு நொடியின் பகுதியாவது தாமதமாகும். தமிழெழுத்தே அறியாதவருக்கு அது வெறும் கோடு. தங்குதடையின்றி 'நீலம்' என்பார். அறிந்ததை அறியாததாக நடிப்பது நாவுக்கு எளிது, கண்ணுக்கு அரிது. ஆனால் இந்தச் சோதனை ஒருபக்கம் மட்டுமே பேசும். தடுமாறினால் 'தெரியும்' என்று அடித்துச் சொல்லலாம். தடுமாறாவிட்டால் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. எழுத்தறியாமல் பேச்சறிந்தவராக இருக்கலாம், பயிற்சியால் கண்ணை மங்கவைத்துப் பார்ப்பவராக இருக்கலாம். மறைந்த அறிவைத் தேடும் எல்லாச் சோதனைக்கும் இதுவே இயல்பு. உண்டு என்று நிறுவலாம். இல்லவே இல்லை என்று நிறுவ இயலாது. ஸ்டீவன்சனுக்குத் தேவைப்பட்டதோ அந்த இரண்டாவது! கற்கவேயில்லை என்று நிறுவினாலன்றி அவர் கோட்டைக்குக் கடைக்காலே இல்லை.

அவர் அம்மையாரின் இளமைக்கால ஊருக்கும் சென்று, அண்டை அயலாரை வினவினார். ஜெர்மன் கற்பித்தார் யாரும் அகப்படவில்லை என்றார். மெச்சத்தக்க உழைப்புத்தான். ஆனால் பர்ட்டின் மகனுக்குக் கிரேக்கம் 'கற்பித்தார்' யார்? மனநோய் மருத்துவர் ஹெரால்டு ரோசன் எடுத்துக்காட்டிய ஒருவர், அறிதுயிலில் 'ஆஸ்கன்' என்ற, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வழக்கிழந்த இத்தாலிய மொழியிலே ஒரு சாபத்தை எழுதினார். கற்பித்தவர் அங்கேயும் இல்லை. நூலகத்திலே அவர் பகற்கனவு கண்டபடி அமர்ந்திருந்தபோது, அருகே விரித்துக்கிடந்த இலக்கண நூலின் பக்கத்திலே அந்தச் சாபம் இருந்தது; கண் மேய்ந்திருக்கிறது. படித்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இவ்வளவும் உள்ளத்தைப் பற்றி. இனி மொழிக்கு வருவோம். ஏனெனில், நாடியைப் பிடித்துப் பார்த்த நேரத்திலே பாதியை நாவைச் சோதிப்பதிலே செலவிட்டிருந்தால் இந்த நூல்கள் இவ்வளவு பருத்திருக்க வேண்டியதில்லை. அந்த வேலையைச் செய்தவர் சாரா தாமசன் என்ற மொழியியல் அறிஞர். 1980-களிலே எழுதிய கட்டுரைகளிலே அவர் பேயைப் பற்றியோ பிறவியைப் பற்றியோ வாதாடவில்லை. பதிவான பேச்சை எடுத்து, இது ஒரு மொழியை அறிந்தவர் பேச்சுத்தானா என்று மட்டும் கேட்டார். கிரெட்சனின் சொல்வளம் 120 சொற்களளவு. வளர்ந்த மனிதர் எவரும், எந்த மொழியிலும், ஆயிரமாயிரம் சொற்களை ஆளுபவர். விடைகளிலே பெரும்பாலானவை ஒற்றைச் சொல், இரட்டைச் சொல். அவற்றிலும் பல, கேட்டவர் வாயிலிருந்து வந்ததைத் திருப்பிச் சொன்னவை. தூங்கி எழுந்தபின் என்ன உணவு என்ற கருத்திலே கேட்கிறார்கள்; "தூக்கம்... படுக்கையறை" என்கிறாள், அதுவும் ஜெர்மானியர் வழங்காத சொல்லால். சந்தையிலே ஒரு பொருளுக்கு என்ன விலை கொடுப்பாய் என்று யென்சனைக் கேட்டால், "என் மனைவி" என்கிறான். பாவம், அந்தப் பெண்மணி!

பதினாறு ஆண்டு ஜெர்மன் மண்ணிலே வாழ்ந்தவள் வினைச்சொல்லைத் திரிக்கத் தெரியாமல், ஒரு கேள்வியின் பொருள் விளங்காமல் திணறுவாளா? ஆம்-இல்லை என்ற விடைகளைக் கணக்கிலே சேர்ப்பது இன்னும் வேடிக்கை. கேள்வி புரியாதவர்கூடப் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லிவிடலாமே! சோதனை என்றால் இப்படி இருந்திருக்கவேண்டும்: படத்தைக் காட்டி ஒரு கதை சொல்லச் சொல்லுதல்; நேற்று நடந்ததையும் நாளை நடக்கவிருப்பதையும் பேசச் சொல்லுதல்; பிழையான வாக்கியத்தையும் பிழையற்ற வாக்கியத்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுதல்; அதையெல்லாம், எதற்காக என்றறியாத மொழியியலாரிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தல். கடினமானதொன்றுமில்லை. பள்ளி ஆசிரியர் ஆண்டுதோறும் செய்வதுதான்.

இதையெல்லாம் அன்றைக்கு யார் அறிந்தார் என்று ஸ்டீவன்சனுக்காக வாதாடவும் இயலாது. அவருக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் செய்துகாட்டிவிட்டார். ஜெனீவா நகரத்து உளநூற் பேராசிரியர் ஃபுளூர்னுவா. 1894-இறுதியிலிருந்து அவர் ஓர் ஆவியூடகப் பெண்ணின் அமர்வுகளுக்குச் சென்றார். கடையொன்றிலே வேலைபார்த்த நேர்மையான பெண். 'எலென் ஸ்மித்' என்ற புனைபெயரால் உலகறிந்தவர். இவருக்கு ஒரு பிறவி போதவில்லை. ஒரு பிறவியிலே அராபியத் தலைவன் மகளாகப் பிறந்து, சந்திரகிரிக் கோட்டை கட்டிய சிவ்ரூக நாயகன் என்பானை மணந்து, அவன் மாண்டதும் உடன்கட்டையேறிய சிமந்தினி. அதுவும் போதாமல் செவ்வாய்க் கோளுக்குச் சென்று அங்குள்ளோர் மொழியையும் பேசினார், எழுதினார்.

ஃபுளூர்னுவா நாடி பிடிக்கவில்லை. எழுதப்பட்டதை எடுத்துவைத்துக்கொண்டு இலக்கணம் பார்த்தார். செவ்வாய் மொழியின் ஒவ்வோர் ஒலியும் பிரெஞ்சு மொழியிலே இருந்தது. சொல்லுக்குச் சொல், வரிசைக்கு வரிசை பிரெஞ்சு. பிரெஞ்சிலே கேள்வி கேட்கும்போது ஒலி நயத்துக்காக நடுவிலே பொருளற்ற ஒரு 'த்' வருமே, அதற்கு நிகராகச் செவ்வாயிலும் பொருளற்ற ஓர் ஒலி வந்தது! கோளுக்குக் கோள் காற்று மாறினாலும் 'த்' மாறவில்லை போலும். இதை அவர் எடுத்துக்காட்டியபின், அந்த அம்மையார் வேறொரு கோளின் மொழியைப் பேசத் தொடங்கினார். இம்முறை பிரெஞ்சின் சாயல் குறைந்திருந்தது.

சிமந்தினியின் 'வடமொழி'யை மொழியியல் மேதை சசூரிடமே கொடுத்தார். முழு வடமொழியுமல்ல, வெறும் உளறலுமல்ல, வடமொழித் துணுக்குகள் உண்டு என்றார் சசூர். எங்கிருந்து வந்தன? அமர்வு நடந்த வீடொன்றிலே வடமொழி இலக்கண நூல் இருந்தது பின்னர்த் தெரியவந்தது. சிவ்ரூக நாயகனும் சந்திரகிரியும் 1401-ஆம் ஆண்டும் 1828-இலே டி மார்லே எழுதிய இந்திய வரலாற்று நூலிலே அப்படியே இருந்தன. அந்நூல் ஜெனீவா நூலகத்திலே இருந்தது. அவர் எழுதிய அரபுப் பழமொழிகூட, குடும்ப மருத்துவர் தம் நூற்படிகளிலே எழுதிக் கொடுத்த வாசகத்தோடு பொருந்திற்று.

இங்கே தென்னாட்டவராகிய நமக்கு ஒரு கேள்வி கேட்க உரிமையுண்டு. சந்திரகிரி என்பது காசரகோட்டுப் பக்கம். அங்குள்ள கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டுக் கெளதி நாயக்க மன்னர் சிவப்ப நாயக்கர் கட்டியதாகச் சொல்வார்கள். கன்னடமும் துளுவும் மலையாளமும் ஒலிக்கும் நிலம். அராபியர் வீட்டிலே பிறந்து அந்நிலத்திலே வாழ்க்கைப்பட்ட பெண், கணவனோடு கொஞ்சுவதற்கு வடமொழியை ஏன் தேடினாள்? வடமொழி நாடகங்களிலேயே பெண்கள் பெரும்பாலும் பிராகிருதம்தான் பேசுவார்கள்! பிறவி மாறி வந்தவளுக்கு ஊர்ப்பேச்சு மறந்து, ஐரோப்பிய நூலகத்திலே அடுக்கப்பட்டிருந்த மொழி மட்டும் நினைவிருந்தது.

ஃபுளூர்னுவா எலெனைப் பொய்யர் என்று ஓரிடத்தும் சொல்லவில்லை. கண்ட நூலும் கேட்ட சொல்லும் உள்ளத்தின் அடியிலே கிடந்து, வேறுருக்கொண்டு எழுந்தன என்றார். அம்மையார் சினந்தார், அவரை மீண்டும் தம் அமர்வுகளுக்கு அனுமதிக்கவில்லை, பிற்காலத்திலே சமய ஓவியங்கள் தீட்டி வாழ்ந்து, 1929-இலே மறைந்தார்.

'கல்லாத மொழி'யின் மற்றொரு நிகழ்ச்சி நாகபுரியிலே நடந்தது. அதையும் தள்ளிவிட்டுப் போகமுடியாது, ஏனெனில் வலிமையான நிகழ்ச்சி அதுதான். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண், 1970-களின் நடுவிலே, நாட்கணக்கிலே தம்மை மறந்து, 'சாரதா' என்ற பழங்கால வங்கப் பெண்ணாக மாறிவிடுவார். அப்போது வங்கமொழியிலே சரளமாகப் பேசுவார். கிரெட்சனின் திக்கல் திணறல் அங்கே இல்லை. மொழி மெய்யாகவே இருந்தது. அவ்வளவுக்கு இருந்ததனாலேயே கேள்வி கூர்மையாகிறது. அவர் வடமொழி பயின்றவர். வங்காளிகள் பல்லாயிரவர் வாழ்ந்த நகரத்திலே வளர்ந்தவர். வங்க எழுத்தை வாசிக்க இளமையிலே சில பாடங்கள் பெற்றிருந்தார் என்பதை ஸ்டீவன்சனே எழுதுகிறார். எழுதிவிட்டு, அந்தச் சில பாடங்கள் இந்தப் பேச்சுக்குப் போதா என்று கடந்துசெல்கிறார். ஒலிப்பதிவைக் கேட்ட மொழியியலார் ஒருவரோ, தாய்மொழியாக அன்றி, பின்னர்க் கற்றுக்கொண்ட வங்கம் இது என்று கருதினார்.

போதா என்று எந்த அளவுகோலால் அளந்தார்? எத்தனை பாடங்கள், எந்த நூல், உடன் பயின்றவர் யார், அவர் வீட்டிலே பெரியவர்கள் எந்த மொழியிலே பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த வீட்டுத் திண்ணையிலே இந்தப் பெண் எத்தனை மாலைப்பொழுது அமர்ந்திருந்தார்?